நெற்றியில் கட்டிய கேமரா

மூன்று வாரமாக அந்தப் படகு துறையில் கட்டின கயிற்றோடுதான் ஆடிக்கொண்டிருந்தது.

தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் வெயில் தின்ற முகத்தோடும் நாலு மீனோடும் இறக்கிவிடுகிற படகு அது. ஓட்டுகிறவருக்குத் துறையில் 'நங்கூரத்தார்' என்று பெயர். ஒரு முடிவில் உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் நகரமாட்டார் என்பதால் வந்த பெயர். அவர் மனைவி படகு இன்ஜின் மெக்கானிக். அவளைத் துறையே 'ஸ்பேனரக்கா' என்றுதான் கூப்பிடும். மாடியறையில் குடியிருக்கும் நங்கூரத்தாரின் தங்கை, கண் மருத்துவமனையில் பரிசோதனை செய்பவள். முப்பத்தைந்து வயதாகியும் வீட்டில் இன்னும் 'சின்னவள்'தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். கரைக்குத் திரும்பும்போது ஒரு பயணி இடப்பக்கமாகக் கடலில் விழுந்தார். அரை நிமிடத்தில் தூக்கிவிட்டார்கள். ஒரு செருப்பு போனதைத் தவிர வேறு சேதமில்லை. ஆனால் அவருடைய நண்பர் எடுத்த வீடியோவிலிருந்து பதினெட்டு விநாடியை விழுந்தவரே இணையத்தில் போட்டார். படகு சடாரென்று வளைகிறது, ஆள் விழுகிறார். அவ்வளவுதான் அதில். பார்த்தவர்களுக்கு அது போதும்.

"எழுந்து நிக்காதீங்க, உட்காருங்கன்னு சொன்னேன். கேட்டாத்தானே?" என்று நங்கூரத்தார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்வதற்கு வாய் இருந்தது, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. புதன்கிழமை துறை அலுவலகத்தில் விசாரணை.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேர் வர்றோம். எங்கப்பா முதல் தடவையா தூண்டில் பிடிக்கப் போறார். முழுக்க வீடியோ எடுத்துத் தர முடியுமா?"

வீட்டில் கேமரா என்று ஒன்று கிடையாது. ஆனாலும் ஸ்பேனரக்கா ஒரு மூச்சுகூட விடாமல், "அதுக்கென்ன, எடுத்துடலாம்" என்றாள்.

*

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே நாத்தனாரும் அண்ணியும் வாசலில் நின்றார்கள்.

விற்பனையாளர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கேமரா ஒன்றை எடுத்து, குழந்தையைக் காட்டுவது போல உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இதுதான் மேடம் இப்போ டாப். எட்டு கே. சினிமாவே எடுக்கலாம்."

"சினிமா வேண்டாம், மீன் எடுக்கணும்" என்றாள் ஸ்பேனரக்கா. "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டரை மணி நேரம்."

"எட்டு கேலயா? உச்சி வெயில்லயா?"

விற்பனையாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "எட்டு கேன்னா... முக்கால் மணி வரும். ரொம்பச் சூடாச்சுன்னா அதுவே ஆஃப் ஆயிடும் மேடம். அது பாதுகாப்பு வசதி."

"நான் சரிபண்ணின இன்ஜின் நடுக்கடல்ல நின்னுபோய், 'இது பாதுகாப்பு வசதி'ன்னு சொன்னா, நீங்க ஒத்துக்குவீங்களா?"

அந்தக் கேமரா பேசாமல் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

அடுத்து வந்த கேமராவைச் சின்னவள் கையில் வாங்கிக்கொண்டாள். ராத்திரியே உட்கார்ந்து என்னென்ன வேண்டும் என்று கைபேசியில் குறித்து வைத்திருந்தாள். "நாலு கே போதும் அண்ணி. ஆனா நொடிக்கு அறுபது படம் எடுக்கணும். மீன் துள்ளுறது ஒரே நொடிதான். அதை மெதுவா ஓட்டிக் காட்டினாத்தான் அழகு."

"ஆட்டம்?"

"பார்த்துடலாம்." சின்னவள் கேமராவை ஓடவிட்டுவிட்டு, கடை நடுவில் நின்று தொம் தொம்மென்று குதித்தாள். உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். கைபேசி உறை வாங்க வந்த ஒருவர் பயந்து ஒதுங்கினார். எடுத்ததைத் திரையில் போட்டபோது அலமாரிகள் கொஞ்சமும் சாயாமல் நேராக நின்றன.

"அடிவானம் சாயாது. பார்க்கிறவங்களுக்குக் குமட்டாது. இது தேறிடுச்சு."

"இரு. இன்னும் என் பரீட்சை முடியலை." ஸ்பேனரக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரலை நனைத்து, தொடுதிரையில் வைத்தாள். திரைக்குப் பேய் பிடித்தது போல் ஆனது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது. "கடல்ல என் விரல் எப்ப காஞ்சிருக்கு? இதை வச்சு நான் என்ன பண்றது?"

"மேலே பெரிய பட்டன் இருக்கு மேடம். ஒரு அழுத்து, ஆன் ஆகி ரெக்கார்டும் ஆரம்பிச்சிடும். திரையைத் தொடவே வேண்டாம்."

ஸ்பேனரக்கா கைப்பையிலிருந்து வேலைக்குப் போடும் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு அழுத்தினாள். கேமரா பீப் என்று கத்தி, சிவப்பு விளக்கைக் காட்டியது. அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகத் திருப்தி தெரிந்தது.

"பின்னால வாளி இருக்கா?"

"எதுக்கு மேடம்?"

"அட்டையில பத்து மீட்டர் ஆழம்னு போட்டிருக்கு. வாளி ஒரு அடிதான். தைரியமாப் போடுங்க."

விற்பனையாளர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். வாளி வந்தது. கேமரா ஐந்து நிமிடம் முங்கிக் கிடந்து, எடுத்த கையோடு வேலை செய்தது.

பிறகு உபகரணங்கள். மாற்று பேட்டரி மூன்று, ஏனென்றால் ஒரு பயணம் ஏழு மணி நேரம். வேகமான மெமரி கார்டு இரண்டு. படகின் கம்பியில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று. மார்பில் கட்டும் பட்டை, தலையில் கட்டும் பட்டை. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் ஆரஞ்சு நிறக் கைப்பிடி. அறுந்து போகாமல் இழுத்துக் கட்டும் கயிறு. காற்று இரைச்சலைத் தடுக்க மைக்கின் மேல் போடும் பஞ்சுத் தொப்பி.

"தண்ணி மேல பளபளப்பைக் குறைக்கிற கண்ணாடி ஒண்ணு வேணும். லென்ஸ் மேல மாட்டுறது" என்றாள் சின்னவள். "அது இல்லைன்னா வெறும் வெள்ளி ஜரிகைதான் தெரியும். இருந்தா, மீன் அடியிலேர்ந்து மேல வர்றதே தெரியும்."

விற்பனையாளர் விடவில்லை. வளைந்த பட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதையும் சேர்த்துக்கங்க மேடம், ரொம்ப நல்லாப் போகுது."

"என்ன இது?"

"நாய் கழுத்துல கட்டுறது."

"எங்க வீட்டுல நாய் கிடையாது. இருக்கிற ஒருத்தர் கழுத்துல கட்டினா அவர் ஒத்துக்க மாட்டார்."

*

அந்த ஒருத்தர் தலையில் கட்டவே லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் மீன் பிடிக்கப் போறேனா, நடிக்கப் போறேனா?" மத்தியானம் இரண்டு மணிக்குப் படகில் ஏறி நின்றுகொண்டு நங்கூரத்தார் கேட்டார். "அதெல்லாம் நாளைக்கு வர்றவங்க தலையில கட்டுங்க."

"இன்னைக்கு சோதனை ஓட்டம். யார் தலை கிடைக்குதோ அந்தத் தலை" என்றாள் மனைவி. "முதல்ல மார்புல கட்டிப் பார்ப்போம், வாங்க."

கட்டினார்கள். பத்து நிமிடம் ஓடியபின் சின்னவள் எடுத்ததைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். முக்கால் திரைக்கு ஸ்டியரிங் சக்கரம். மீதிக்கு அண்ணனின் தொப்பை. ஓரத்தில் ஒரு கீற்று கடல்.

"ரெண்டு கரண்டி கம்மியாச் சாப்பிட்டா கடல் முழுசாத் தெரியும்" என்றாள் ஸ்பேனரக்கா.

அப்புறம் கம்பியில் கிளாம்ப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். தளம் முழுவதும் தெரிந்தது. தூண்டில் போடுகிறவர், பக்கத்தில் நிற்கிறவர், வளைகிற கோல், எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்தன. நாளைக்கு இதுதான் என்று முடிவானது. கடைசியில் மிச்சமிருந்தது தலைப்பட்டை.

"ஓட்டுறவர் கண்ணுல கடல் எப்படி இருக்குன்னு வர்றவங்களுக்குத் தெரியணும் இல்லையா?" என்று சின்னவள் கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவை, அண்ணா. கரைக்குத் திரும்பிப் போற வரைக்கும்."

தங்கை கேட்டால் மட்டும் அவர் கொஞ்சம் நகர்வார். நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு, ஏதோ சுரங்கத்துக்குள் இறங்கப் போகிறவர் மாதிரி விறைப்பாக நின்றார். படகு துறைக்கு ஒரு சுற்று போய்த் தொட்டுவிட்டு மறுபடி கடலுக்குத் திரும்பியது. அதற்குள் அவருக்கே அது பழகிவிட்டது.

பாறைத்திட்டுப் பக்கம் சின்னவளின் தூண்டில் வளைந்தது.

"இழுக்காதே! இழுக்காதே பாப்பா, விடு... ஓடட்டும். கோலை மேல தூக்கு. இப்ப சுத்து. மெதுவா. அது இழுத்தா நீ சும்மா இரு, அது நின்னா நீ சுத்து."

நங்கூரத்தாரின் குரலில் மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த ஆள் திரும்பி வந்திருந்தார். முழங்கை நீளத்தில் ஒரு மீன் மேலே வந்து, பக்கவாட்டில் வெயிலைக் காட்டித் துள்ளியது. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அது கேமராவில் விழுந்ததா என்று சின்னவளுக்குக் கவலை. மீன் விழுந்ததே போதும் என்று ஸ்பேனரக்காவுக்கு.

திரும்பும் வழியில், துறைவாய்க்குக் கொஞ்சம் முன்னால், ஸ்பேனரக்கா இன்ஜின் மூடியிலிருந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அலறினாள்.

"இடது! ஏங்க, இடது பக்கம் பாருங்க!"

நங்கூரத்தார் சக்கரத்தை வெட்டித் திருப்பினார். படகு சாய்ந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு இருந்த ஆரஞ்சு மிதவை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கவாட்டை உரசாமல் நழுவிப் போனது.

அவர் படகை நேராக்கினார்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் நங்கூரத்தார். "எதுக்கு இப்படிக் கத்துறே?"

ஸ்பேனரக்கா திரும்பி அந்த மிதவையையே பார்த்தாள். பதினாறு வருஷத்தில் அவர் ஒரு மிதவையை அவ்வளவு பக்கத்தில் விட்டதை அவள் பார்த்ததில்லை.

*

சாயங்காலம் ஐந்து மணி. ஸ்பேனரக்கா சமையலறையில் கேமராவை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்பு போக அலசிக்கொண்டிருந்தாள். நங்கூரத்தார் வாசலில் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னவள் எடுத்ததையெல்லாம் பார்த்தாள்.

மீன் பிரமாதமாக வந்திருந்தது. பச்சைத் தண்ணீருக்குள் ஒரு வெளிச்சக் கீற்றாக ஆரம்பித்து, மீனாக மாறி, துள்ளியது. நாளைக்கு வருகிற அப்பாவுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் போதும், பயணிகள் தானாகத் திரும்பி வருவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, ஒரு தலைப்புப் படம் தேடுவதற்காக, அண்ணன் நெற்றியிலிருந்து எடுத்த பதிவின் மீதியையும் ஓட்டினாள்.

மிதவை வந்த இடத்தில் நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள்.

அகலமான லென்ஸ் அது. திரையின் இடது ஓரத்தில் மிதவை நுழைகிறது. வளர்கிறது. ஆனால் படம் அசையவே இல்லை. படம் அசையவில்லையென்றால் தலை அசையவில்லை. சின்னவள் விநாடிகளை எண்ணினாள். பதினொன்று. பதினொரு விநாடி அவ்வளவு பெரிய ஆரஞ்சு மிதவை இடது ஓரத்தில் நிற்கிறது. அண்ணி அலறியபிறகுதான் படம் சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது.

அவள் அவசரப்படுகிறவள் இல்லை. பதிவின் தொடக்கத்துக்குப் போனாள். துறையைத் தொட்டுவிட்டு மறுபடி கிளம்புகிற நேரம். இடப்பக்கக் கரையில் பனிக்கட்டிக் கடைக்காரர் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார். படம் அசையவில்லை. கொஞ்சம் தள்ளி வலப்பக்கத்தில் வலை உலர்த்துகிறவர் ஒற்றை விரலைத் தூக்குகிறார். உடனே சட்டத்துக்குள் அண்ணனின் கை உயர்ந்து பதில் வணக்கம் போடுகிறது.

மருத்துவமனையில் அவள் வேலையே அதுதான். ஆட்களை இருட்டறையில் தாடை வைத்து உட்காரவைத்து, ஓரங்களில் புள்ளி வெளிச்சம் தெரியும்போது பொத்தானை அழுத்தச் சொல்வாள். ஒரு பக்கம் பார்வை போனது தெரியாமலே வருஷக்கணக்காக நடமாடுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இல்லாத இடத்தை மூளை எதையாவது வைத்து ஒட்டுப்போட்டுவிடும். அவர்களாகத் தெரிந்துகொள்வது, எதிலாவது இடித்துக்கொள்ளும்போதுதான்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்த ஸ்பேனரக்கா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, மீன் வரலையா?"

சின்னவள் மூன்று இடங்களையும் ஓட்டிக் காட்டினாள். ஸ்பேனரக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இடப்பக்கம் டீ வச்சா தட்டி விட்டுடறார்" என்றாள். "ரெண்டு மாசமா. கவனமே இல்லைன்னு நான்கூடத் திட்டினேன்."

"எனக்கும் தெரியலையே அண்ணி. தினம் நூறு கண்ணைப் பார்க்கிறேன். ஒரே வீட்டுல இருக்கிற கண்ணைப் பார்க்கலை."

"அழறதுக்கு இப்ப நேரமில்லை. நாளைக்குக் காலைல நாலு பேர் படகுல ஏறப் போறாங்க. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "நான் சொல்றேன். இது என் வேலை."

*

நங்கூரத்தார் முதலில் சிரித்தார். பிறகு மிதவையைப் பார்த்தார். இரண்டாவது தடவை ஓட்டச் சொன்னார். மூன்றாவது தடவை ஓட்டும்போது மடிக்கணினியைப் படாரென்று மூடினார்.

"படகைக் காப்பாத்தத்தானே கேமரா வாங்கினீங்க? என்னைப் பிடிச்சுக் குடுக்கவா?"

"அண்ணா, உட்காரு."

"வெயில் கண்ணுல அடிச்சது. அவ்வளவுதான்."

"வெயில் வலப்பக்கம் இருந்தது. நிழலைப் பாரு, தெரியும். உட்காரு அண்ணா, ரெண்டு நிமிஷம். எனக்காக."

அவர் உட்கார்ந்தார். சின்னவள் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

"வலது கண்ணைக் கையால மூடிக்கோ. என் மூக்கை மட்டும் பாரு. வேற எங்கேயும் பார்க்கக் கூடாது. என் விரல் ஆடுறது தெரிஞ்ச உடனே சொல்லு."

"என்ன இது, சின்னப் பிள்ளை விளையாட்டு..."

"மூக்கைப் பாரு."

சின்னவள் தன் கையை அவருடைய இடப்பக்கமாக நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே மெல்ல உள்ளே கொண்டுவந்தாள். அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஸ்பேனரக்காவுக்கு அந்த விரல் நன்றாகத் தெரிந்தது. காது பக்கம் வந்தது. தோள் பக்கம் வந்தது. இரண்டு முகங்களுக்கும் நடுவில் பாதி தூரம் வந்து ஆடிக்கொண்டிருந்தது.

"எப்பத்தான் ஆரம்பிக்கப் போறே?" என்றார் நங்கூரத்தார்.

ஸ்பேனரக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சின்னவள் விரலை இறக்கவில்லை. "இப்போ மூக்கை விட்டுட்டு இங்கே பாரு அண்ணா."

அவர் பார்த்தார். ஆடுகிற விரலைப் பார்த்தார். அது எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வலது கண்ணிலிருந்து கையை எடுத்து, மறுபடி மூடி, மறுபடி எடுத்தார்.

சின்னவள் விரலை மடக்கிக் கையை இறக்கினாள்.

"எவ்வளவு போயிருக்கு?" என்றார் கடைசியில்.

"விரலை வச்சுச் சொல்ல முடியாது. திங்கக்கிழமை காலைல முதல் ஆளா உன்னை மெஷின்ல உட்கார வைக்கிறேன். எதனால, இதோட நிறுத்த முடியுமா, மருந்தா ஆபரேஷனான்னு டாக்டர் சொல்லுவார். வலது கண்ணு நல்லா இருக்குன்னுதான் தோணுது. நடுவுல பார்வை நல்லா இருக்கு. இன்னைக்கே கண்டுபிடிச்சது நல்லதுண்ணா. நிஜமாச் சொல்றேன்."

அவர் தலையசைத்தார். பிறகு இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, அந்தக் கைகளைப் பார்த்தே பேசினார்.

"அந்த ஆள் எழுந்து நின்னதை நான் பார்க்கலை."

ஸ்பேனரக்கா அருகில் வந்தாள். "என்ன?"

"இடப்பக்கம்தானே உட்கார்ந்திருந்தார். எழுந்ததே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா திருப்பியிருக்க மாட்டேன். தொப்புனு சத்தம் கேட்டப்புறம்தான் தெரியும்."

"உட்காருங்கன்னு சொன்னதா..."

"சொல்லலை." குரல் தழுதழுக்கவில்லை, ஆனால் அடியில் எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. "முதல்ல யாரோ கேட்டாங்க, 'உட்காரச் சொன்னீங்களா?'ன்னு. ஆமான்னுட்டேன். எப்பவும் சொல்றதுதானே, அன்னைக்கும் சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். அப்புறம் பத்துப் பேர்ட்டச் சொன்னதுல எனக்கே நிஜமாப் போச்சு."

"மூணு வாரமா அந்த மனுஷனை நான் சபிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் ஸ்பேனரக்கா. கோபமாகத்தான் சொன்னாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

அவள் சமையலறை வரை போனாள். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது; கழற்றிப் போட்ட இன்ஜினைப் பார்க்கிற முகம், எதை எங்கே பூட்டவேண்டும் என்று தெரிந்த முகம்.

"நாளைக்குப் பயணம் நிக்காது. நான் ஓட்டறேன்."

நங்கூரத்தார் நிமிர்ந்தார்.

"லைசென்ஸ் எடுத்து மூணு வருஷமாச்சு. பயணிகளோட ஒரு நாள்கூட நீங்க சக்கரத்தைக் குடுத்ததில்லை. நாளைக்குக் குடுங்க. நீங்க அந்தப் பெரியவர் பக்கத்துல உட்கார்ந்து தூண்டில் பிடிக்கச் சொல்லித்தாங்க. இன்னைக்குப் பாப்பாவுக்குச் சொன்னீங்களே, அந்த மாதிரி. அவரை உங்க வலப்பக்கம் உட்கார வைக்கிறேன்."

நாலு பேர் இழுத்தாலும் நகராதவர் என்றுதானே சொன்னேன்? அன்றைக்கு யாரும் இழுக்கவில்லை. அவராகவே பையில் கைவிட்டு, கார்க் உருண்டை கட்டிய படகுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கியர் கொஞ்சம் இடிக்கும். பார்த்துப் போடு."

"அதைச் சரிபண்ணினதே நான்தான். இப்ப இடிக்காது."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சின்னவளுக்கு அதைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. மடிக்கணினியை மெல்லத் திறந்தாள்.

"அண்ணா, இந்தப் பதிவை என்ன பண்றது? புதன்கிழமை கேப்பாங்க, புதுசாக் கேமரா வாங்கியிருக்கீங்களாமே, காட்டுங்கன்னு. அழிச்சுடட்டுமா?"

அவர் ஸ்பேனரக்காவைப் பார்த்தார். இதை அவரே சொல்லட்டும் என்று நின்றாள்.

"வேண்டாம்" என்றார். "இருக்கட்டும். புதன்கிழமை நடந்ததைச் சொல்லிடறேன். ஆனா அதுக்கு முன்னால அந்த ஆள்கிட்ட நான் சொல்லணும். அவர் வேற யார் மூலமாவோ கேட்கக் கூடாது."

"இப்பவேவா?"

"நாளைக்குன்னா எனக்கு தைரியம் போயிடும்."

பழைய முன்பதிவில் எண் இருந்தது. நங்கூரத்தார் கைபேசியை மேசை நடுவில் வைத்து, இரண்டு பெண்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தாங்க, படகுக்காரன். மூணு வாரம் முன்னால நீங்க... என் படகுல வந்தீங்களே."

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை யாரோ நிறுத்தினார்கள்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன்" என்றார் நங்கூரத்தார். "உங்களை உட்காரச் சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். சொல்லலைங்க. நீங்க எழுந்ததை நான் பார்க்கவே இல்லை. எனக்கு இடப்பக்கம் கண்ணு சரியாத் தெரியலைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. தப்பு என்னோடது."

அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று சின்னவள் எட்டித் திரையைப் பார்த்தாள். இல்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்க சொல்லலையா?" என்றது அந்தக் குரல், நம்பாதது போல. "அப்போ... அன்னைக்கு என்னை உட்காரச் சொன்னது யாரு?"

நங்கூரத்தார் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள், "அன்னைக்கு நான் படகுலயே இல்லையே" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நான் போட்டது பதினெட்டு விநாடிதாங்க" என்று குரல் தொடர்ந்தது. "முழு வீடியோ என் நண்பன்கிட்ட இருக்கு. அதுக்கு முன்னால ஒரு நிமிஷம் இருக்கு. அதுல, எல்லாரும் உட்காருங்கன்னு நீங்க சொல்றது தெளிவாக் கேக்குது. அதை நான்தான் வெட்டிட்டேன். நீங்க மூணு பேரும் நாளைக்கு எப்ப கரைக்கு வருவீங்க? நான் நேர்ல எடுத்துட்டு வர்றேன்."

"மூணு பேரா?" என்றாள் ஸ்பேனரக்கா சத்தமாகவே. "நாங்க மூணு பேர் இங்க இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது; வெளியே கையில் முழு வீடியோவோடு நின்றது அவருடைய நண்பர், அன்றைக்கு மூன்று பேரும் படகிலிருந்து இறங்கியதைத் துறையில் பார்த்து அவரிடம் சொன்னவர்.